தமிழ் நாவலில் தெரியாத சொல் வந்தால்: ஆறாம் ஆண்டோடு தமிழை விட்டவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பாடமெல்லாம் மலாய் ஆகிவிட்டது. தமிழ் வகுப்பு வாரத்தில் ஓரிரு பாடவேளை நடந்திருக்கும், ஆசிரியர் இல்லையென்றால் அதுவும் நடந்திருக்காது. இப்போது முப்பது நாற்பது வயதில் ஒரு தமிழ் நாவலைக் கையில் எடுக்கிறீர்கள். எழுத்துக் கூட்டிப் படிக்க முடிகிறது, ஆனால் பக்கத்துக்குப் பத்துச் சொல் புரியவில்லை. நான்கு நாளில் புத்தகம் அலமாரிக்குப் போய்விடுகிறது.

சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு இதையெல்லாம் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டேன். சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது, வகுப்பும் கிடையாது. நீங்களும் அதே அலைச்சலைப் படக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். லுனாஸ், பீடோர், கோல கெட்டில் என்று எந்தத் தோட்டத்துப் பட்டணத்தில் இருந்தாலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான்.

தேவையானவை: ஒரு கைபேசி, ஒரு பென்சில், இரண்டு மூன்று வெள்ளிக்கு ஒரு பயிற்சிப் புத்தகம், ஒரு நாளைக்கு அரை மணி நேரம்.

1. புத்தகத்தை ஒரு பக்கம் படித்துப் பார்த்து எடுங்கள்

யாரோ பெரிய எழுத்தாளர் என்று சொன்னார்கள் என்பதற்காக எடுக்காதீர்கள். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்குங்கள். ஒரு கைக்குள் அடங்கினால் எடுங்கள். இரண்டாவது கைக்குப் போனால் திருப்பி வைத்துவிடுங்கள், அடுத்த வருடம் பார்க்கலாம்.

இந்த விரல் கணக்குக்குப் பின்னால் ஆய்வு இருக்கிறது. சொல்வளம் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன், துணையில்லாமல் ஒரு கதையைப் புரிந்து படிக்க அதிலுள்ள சொற்களில் ஏறக்குறைய 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்கிறார். அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் புதிதாக இருக்கலாம். பக்கத்துக்கு இருநூறு சொல் என்று வைத்தால் நான்கு. அது ஆங்கிலத்தை வைத்துச் செய்த ஆய்வு. தமிழில் ஒரு சொல்லின் வாலில் ஐந்தாறு விகுதி ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் அப்படியே பொருந்தாது. ஆனாலும் தோராயக் கணக்குக்குப் போதும்.

முதல் புத்தகமாகச் சிறுகதைத் தொகுப்பை எடுப்பது நல்லது. ஒரு கதை முடிந்தால் ஒரு வேலை முடிந்த திருப்தி இருக்கும். மலேசிய எழுத்தாளர்களின் தோட்டத்துக் கதைகள் இன்னும் நல்லது, ஏனென்றால் லயம் என்ற வரிசை வீடும், பெரட்டு என்ற காலை ஆள் கணக்கெடுப்பும், ரப்பர்ப் பால்வெட்டும் உங்களுக்குத் தெரிந்த உலகம். களம் தெரிந்திருந்தால் சொல்லை ஊகிப்பது பாதி சுலபமாகிவிடும். தஞ்சாவூர் வயலில் நடக்கும் கதையில் களமும் புதிது, சொல்லும் புதிது.

2. காகித வேலை: நூலக அட்டை, ரசீது

புத்தகம் வாங்குவதற்கு முன் பொது நூலகத்தில் உறுப்பினராகிவிடுங்கள். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள், ஒரு நகலும் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் சேர்ப்பதாக இருந்தால் பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மைகிட் என்ற சிறுவர் அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். கட்டணம், வைப்புத்தொகை, எத்தனை புத்தகம், எத்தனை நாள் என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கிளம்பும் முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். அப்படியே எந்த நாள் மூடியிருக்கும் என்றும் கேளுங்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதை மறந்து பேராக்கிலிருந்து போய் நிற்பவர்கள் உண்டு.

தமிழ்ப் புத்தகம் எங்கே என்று முகப்பில் கேட்டால் பல நேரம் கையை விரிப்பார்கள். எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து வரிசைப்படுத்தும் டூவி முறைப்படி அடுக்கிய நூலகத்தில் தமிழ் இலக்கியம் 894.811, தமிழ் மொழி 494.811. கணினிப் பட்டியலில் தலைப்பைத் தமிழில் தட்டினால் ஒன்றும் வராமல் போகலாம், ஏனென்றால் பல இடங்களில் தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில்தான் பதிந்திருக்கிறார்கள். ழ-வை ஒருவர் ஒரு மாதிரி எழுதுவார், இன்னொருவர் வேறு மாதிரி எழுதுவார். எண்ணை வைத்துத் தேடினால் இந்தத் தொல்லை இல்லை.

காசு கொடுத்து வாங்கினால் ரசீதை எறியாதீர்கள். வருமான வரிப் படிவத்தில் வாழ்க்கைமுறைக் கழிவு என்று 2,500 ரிங்கிட் வரை இருக்கிறதே, அதில் புத்தகமும் சேரும். கைபேசி, கணினி, இணையக் கட்டணம் எல்லாம் அதே 2,500-க்குள்தான் என்பதால் புதுக் கைபேசி வாங்கிய வருடத்தில் புத்தகத்துக்கு இடம் இருக்காது. ரசீதுகளை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும். கடைகளில் தரும் மெல்லிய தாள் ரசீது ஒரே வருடத்தில் வெளுத்துவிடும், அன்றைக்கே படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

3. அகராதி: முதலில் இலவசம், பிறகு விலைக்கு

எங்கள் ஊரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போ. அங்கே குட்டி இந்தியாவில் ஏறி இறங்கினால் பஞ்சாங்கம், பக்திப் புத்தகம், பள்ளிப் பயிற்சி நூல் எல்லாம் கண்ணில் படும். அகராதி என்று கேட்டால் ஆங்கிலம்–தமிழ் அகராதியை நீட்டுவார்கள். வாங்காதீர்கள். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடுகிறவர்களுக்கு உரியது அது. உங்களுக்கு வேண்டியது தமிழ்–தமிழ்.

இலவசமாகக் கிடைப்பதில் பெரியது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்டது. சிகாகோ பல்கலைக்கழகம் தெற்காசிய அகராதிகளை இணையத்தில் வைத்திருக்கிறது, அதில் இதுவும் இருக்கிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் தரும். ஒரு குறை என்னவென்றால் சங்க காலத்துப் பொருளும் நேற்றைய பொருளும் ஒரே வரிசையில் நிற்கும். ‘நாற்றம்’ என்று தேடினால் நறுமணமும் வரும். முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொள்ளாமல், எல்லாவற்றையும் படித்துவிட்டு உங்கள் வாக்கியத்துக்கு எது ஒட்டுகிறது என்று பாருங்கள்.

விலைக்கு வாங்குவதென்றால் ஒன்றே ஒன்று போதும்: க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. முதற்பதிப்பு 1992-இல் வந்தது, 2008-லும் 2020-லும் விரிவாக்கிப் போட்டார்கள். இன்றைய எழுத்தில் புழங்கும் சொற்கள், பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியம். அந்த வாக்கியத்துக்காகவே காசு கொடுக்கலாம். இந்தியாவிலிருந்து வரவழைத்தால் புத்தக விலையோடு அனுப்பும் கூலியும் சேரும், கனமான புத்தகம் என்பதால் கூலி உறைக்கும். கோலாலம்பூரிலோ சென்னையிலோ சொந்தக்காரர் இருந்தால் ஊருக்கு வரும்போது எடுத்துவரச் சொல்லுங்கள். இரண்டு மூன்று மாதம் இலவச அகராதியில் ஓட்டிப் பழக்கம் நிலைத்த பிறகு வாங்கினால் போதும். ஆர்வத்தில் முதல் வாரமே வாங்கி, தொலைக்காட்சிக்குக் கீழே முட்டுக் கொடுத்திருப்பவர்களை எனக்குத் தெரியும்.

மொழிபெயர்ப்புச் செயலியை நம்பி இறங்காதீர்கள். ‘படி’ என்று ஒற்றைச் சொல்லைத் தட்டினால் அது வாசிப்பதா, மாடிப்படியா, அரிசி அளக்கும் படியா என்று அதற்கு எப்படித் தெரியும்?

4. முதல் வாசிப்பில் அகராதியைத் தொடாதீர்கள்

முழுக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி நிறுத்தித் தேடுவது, ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கிச் சோறு உண்பது மாதிரி. பசியும் தீராது, சோறும் ஆறிவிடும்.

ஒரு கதையை அல்லது ஒரு அத்தியாயத்தை நிற்காமல் படித்து முடியுங்கள். தெரியாத சொல் வந்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். நூலகப் புத்தகம் என்றால் அதுவும் கூடாது; நீளமாக ஒரு தாளை வெட்டிப் பக்கத்தில் செருகி, பக்க எண்ணும் சொல்லும் அதில் எழுதுங்கள்.

முடித்த பிறகு புள்ளிகளைப் பாருங்கள். எல்லாவற்றையும் தேட வேண்டாம். நான் தேடுவது இவற்றை மட்டும்தான்: அதே சொல் மூன்றாவது முறை வந்திருந்தால், அது தெரியாமல் கதை நகரவில்லை என்றால், ஒரு ஆளின் குணத்தையோ மனநிலையையோ சொல்கிற சொல்லாக இருந்தால். மரம், செடி, நகை, பாத்திரத்தின் பெயரெல்லாம் ‘ஏதோ ஒரு மரம்’, ‘ஏதோ ஒரு நகை’ என்ற அளவில் தெரிந்தால் போதும், போய்க்கொண்டே இருங்கள். வினைச்சொற்களை மட்டும் விடாதீர்கள். யார் என்ன செய்தார் என்பதே தெரியாமல் போனால் அப்புறம் என்ன கதை?

அகராதியைத் திறப்பதற்கு முன், சொல்லுக்கு என்ன பொருள் இருக்கும் என்று ஊகித்து எழுதிவையுங்கள். தப்பாக இருந்தால் பரவாயில்லை. ஊகித்துவிட்டுப் பார்த்த பொருள் சும்மா பார்த்த பொருளைவிட மனதில் நிற்கிறது.

5. சொல்லை உடைத்துத் தலைச்சொல்லைப் பிடியுங்கள்

‘தேடினேன், அகராதியிலேயே இல்லை’ என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் சொல் இருக்கும், தேடிய வடிவம்தான் தவறாக இருக்கும். அகராதி பதிந்து வைத்திருக்கும் வடிவத்துக்குத்தான் தலைச்சொல் என்று பெயர். பள்ளியில் புணர்ச்சி இலக்கணம் கசந்திருக்கலாம். தேடுவதற்கு வேண்டியது அதில் கொஞ்சம்தான்.

நடுவில் ‘ற்’ வந்து அடுத்து க, ச, ப வரிசை எழுத்து வந்தால், அந்த ‘ற்’ பல நேரம் ‘ல்’ அல்லது ‘ன்’ ஆக இருந்திருக்கும். கற்குவியல் என்பது கல், குவியல். பொற்காசு என்பது பொன், காசு. அதே மாதிரி ‘ட்’ வந்தால் ‘ள்’ அல்லது ‘ண்’ வைத்துப் பாருங்கள்: முட்செடியில் முள், மட்பாண்டத்தில் மண்.

முன்பாதி அகரத்தில் முடிந்து வல்லின ஒற்று (க், ச், த், ப்) மிகுந்திருந்தால் ஒரு ‘ம்’ தொலைந்திருக்கலாம்: மரப்பெட்டியில் மரம், பணப்பையில் பணம். வீட்டு, ஆற்று என்று தொடங்கினால் வீடு, ஆறு.

சொல்லின் தொடக்கத்தில் அ, இ, எ நின்று அடுத்த எழுத்து இரட்டித்திருந்தால் அது ‘அந்த’, ‘இந்த’, ‘எந்த’ ஆக இருக்கலாம். ‘அக்குளம்’ என்றால் அந்தக் குளம். தெரியாமல் அகராதியில் தேடினால் ‘அக்குள்’ வந்து நிற்கும்.

வினைக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. ஒருவரை ‘நீ’ என்று கூப்பிட்டு ஏவிப் பாருங்கள். நின்றான் என்றால் நீ நில். கேட்டாள் என்றால் நீ கேள். சென்றார் என்றால் நீ செல். ஏவும் வடிவம்தான் பெரும்பாலும் தலைச்சொல். பேரகராதியில் அதற்குப் பின்னால் ‘தல்’, ‘த்தல்’ ஒட்டியிருக்கும்: ஓடு-தல், நட-த்தல். வெந்தது, நொந்தது போன்றவற்றை ஏவிப் பார்க்க வாய் வராது. அவற்றுக்கு வே, நோ என்று ஒற்றை எழுத்தில் தேட வேண்டும்.

அச்சு அகராதியில் எழுத்து வரிசையும் ஒரு கண்ணி. ற, ன இரண்டும் தமிழ் வரிசையில் கடைசியில் வருபவை, ‘ன’-வை ‘ண’, ‘ந’ பக்கத்தில் தேடினால் கிடைக்காது. ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் அதற்கும் பின்னால். புள்ளி வைத்த எழுத்து உயிர்மெய்க்கு முன்னால் வரும் என்பதால் ‘பக்கம்’ முதலில், ‘பகல்’ பிறகு.

ல, ள, ழ மூன்றையும் வாயில் ஒன்றாக உச்சரித்துப் பழகியவர்கள் நாம். தட்டச்சு செய்யும்போது காதை நம்பாமல் அச்சில் உள்ள எழுத்தை ஒருமுறை பாருங்கள். இல்லையென்றால் தவறான சொல்லுக்குச் சரியான பொருளைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

6. அகராதியில் இல்லாததை ஆட்களிடம் கேளுங்கள்

இரண்டு வகைச் சொற்களுக்கு அகராதி உதவாது. ஒன்று, நம் தோட்டத்துச் சொற்கள். ரப்பர்ப் பால் வடியும் கிண்ணமான மங்குவை இந்தியாவில் அச்சான அகராதியில் தேடினால் ஒளி மங்குவதைப் பற்றிச் சொல்லும். கித்தா மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, தேடினால் பக்கத்தில் இருக்கும் கித்தான் துணி அகப்படும். இன்றைய பிள்ளைகள் செம்பனையை மட்டும் பார்த்து வளர்ந்தவர்கள், அவர்களுக்குப் பால்வெட்டுச் சொற்கள் எல்லாமே புதிது. மலாயிலிருந்து வந்த சொல் என்று தோன்றினால் மலாய் மொழிக்கான அரசு நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தகாவின் இணைய அகராதியில் இலவசமாகத் தேடலாம்.

இன்னொன்று, தமிழ்நாட்டு வட்டார வழக்கு. கரிசல் வழக்குக்குக் கி. ராஜநாராயணனும், கொங்கு வழக்குக்குப் பெருமாள்முருகனும் சொல்லகராதி தொகுத்திருக்கிறார்கள். அவை கைக்குக் கிடைக்காவிட்டால் உங்கள் தெருவில் இருக்கும் மூத்தவர்களிடம் போங்கள். அவர்களுடைய அப்பா அம்மா கப்பலேறி வந்தபோது அந்தச் சொற்களையும் சேர்த்துத்தான் கொண்டுவந்தார்கள். ஒரு கதையில் ‘சுளகு’ வந்தது. எங்கள் வரிசையில் இருக்கும், பால்வெட்டி ஓய்வுபெற்ற பாட்டியிடம் கேட்டேன். “மொறந்தான்யா அது. எங்கம்மா சொளவுன்னுதான் சொல்லும். எதுக்கு, வேணுமா? பின்னாடி கெடக்கு” என்றார். படம் போட்ட அகராதியில்கூட இப்படிக் கையில் எடுத்துப் பார்க்க முடியாது.

கேட்கப் போகும்போது சொல்லை மட்டும் கேட்காமல் அது வரும் வாக்கியத்தை முழுதாகப் படித்துக் காட்டுங்கள். சாயங்காலம் தேத்தண்ணி நேரம் தோதானது. வானவில் அலைவரிசையில் தொடர் ஓடும் நேரத்தில் போனால் ஒரு சொல்லும் கிடைக்காது.

7. ஒரு சொல்லுக்கு ஒரு அட்டை

சொல்லையும் பொருளையும் எதிரெதிரே எழுதிப் பட்டியல் போடுவது பள்ளிக்கூடப் பழக்கம். நீளமான பட்டியலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பயிற்சிப் புத்தகத் தாளை எட்டாக வெட்டி அட்டைகளாக்குங்கள். முன்பக்கம் சொல் வந்த வாக்கியத்தை அப்படியே எழுதி, சொல் இருந்த இடத்தைக் கோடாக விடுங்கள். பின்பக்கம் சொல், உங்கள் சொந்த வார்த்தையில் பொருள், புத்தகப் பக்கம். மலாயில் நினைத்தால்தான் புரிகிறது என்றால் மலாயிலும் எழுதுங்கள், யாரும் பார்க்கப் போவதில்லை.

ஒரு நாளைக்கு ஐந்து அட்டைக்கு மேல் போடாதீர்கள். ஐந்து குறைவாகத் தோன்றும். ஒரு மாதத்தில் நூற்றைம்பது ஆகிவிடும், அத்தனையையும் திருப்பிப் பார்க்க வேண்டியவர் நீங்கள்தான்.

கைபேசியில் வேண்டுமென்றால் ஆங்கி (Anki) என்ற அட்டைச் செயலி இருக்கிறது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம்; ஐபோனில் ஒரே தடவையாகச் சுமார் 25 அமெரிக்க டாலர் கேட்கும். அதே பெயரை ஒட்டி வேறு செயலிகளும் கடையில் இருக்கின்றன, மாதச் சந்தா கேட்டால் தவறானதை எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். மற்றவர்கள் செய்து வைத்த தமிழ் அட்டைக் கட்டுகளை இறக்காதீர்கள். நீங்கள் படிக்காத புத்தகத்தின் சொற்கள் உங்கள் தலையில் ஒட்டாது.

8. திருப்பிப் பார்க்கும் நாள்கள்

மறதியை முதன்முதலில் அளந்து 1885-இல் நூலாக வெளியிட்டவர் ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்ஹவுஸ். கற்ற முதல் நாளிலேயே பெரும்பகுதி நழுவிவிடும், இடைவெளி விட்டுத் திருப்பிப் பார்த்தால் நழுவுவது குறையும் என்பது அவர் ஆய்விலிருந்து வந்த பாடம். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970-களில் அதற்கு ஒரு அட்டைப்பெட்டி முறையைப் பிரபலப்படுத்தினார். காலணிப் பெட்டி ஒன்றில் ஐந்து தடுப்பு வையுங்கள். புது அட்டை முதல் அறையில். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு, தவறினால் முதல் அறைக்கே. முதல் அறையைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரத்துக்கு ஒருமுறை, நான்காவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவதை மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். மாதக் கடைசியில் ஐந்தாவது அறையிலும் தாண்டிய அட்டையை எறிந்துவிடலாம்.

நேரம்: படிக்க இருபது நிமிடம், அட்டைக்குப் பத்து நிமிடம். ஷிஃப்ட் வேலை செய்பவர்கள் அட்டையை மட்டும் தொழிற்சாலைப் பேருந்திலேயே முடித்துவிடலாம். இரவு ஷிஃப்ட் வாரத்தில் புது அட்டை போடாமல் பழையதை மட்டும் பார்த்தால் போதும். தீபாவளி, திருவிழா என்று பத்து நாள் விட்டுப்போனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க உட்காராதீர்கள், அந்த நாளோடு பெட்டியையே மூடிவிடுவீர்கள். ஒரு நாளைக்கு இருபது அட்டை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரே சொல் திரும்பத் திரும்ப முதல் அறைக்கே வந்தால் அதைக் கிழித்துப் போடுங்கள். முக்கியமான சொல்லாக இருந்தால் வேறு புத்தகத்தில் மறுபடி வரும், அப்போது புது வாக்கியத்தோடு புது அட்டை எழுதலாம். நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் செருகிய தாள்களை எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள். தவணை முடிவதற்கு இரண்டு நாள் முன்பே தவணையை நீட்டிக்கச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். தமிழ்ப் புத்தகத்தைத்தான் வேறு யாரும் கேட்டு வரிசையில் நிற்கவில்லையே, பெரும்பாலும் நீட்டிக் கொடுப்பார்கள்.